தேன்கூட்டு வடிவில் ஒரு தீர்வு

மகிழுந்தின் இயந்திரத்திற்குள் எரிபொருள் எரியும்போது கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதி இயந்திரத்தின் உலோகத்தில் ஏறுகிறது. அந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் உலோகம் அளவுக்கு மீறி விரியும். மசகெண்ணெய் தன் தன்மையை இழக்கும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி, இயந்திரமே நின்றுவிடும். மகிழுந்து தோன்றிய காலத்தில் பொறியாளர்களைப் பெரிதும் வாட்டிய சிக்கல் இது. இதற்குச் சிறந்ததொரு தீர்வைக் கண்டவர் வில்ஹெல்ம் மைபாக் என்னும் ஜெர்மானியர்.

மைபாக் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஹைல்புரோன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். ரோய்ட்லிங்கன் நகரிலிருந்த ஓர் அறநிலையம் அச்சிறுவனை ஏற்று வளர்த்தது. அங்குப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலும் கற்றுத்தரப்பட்டது. மைபாக்கிற்கு வரைவதில் இயல்பாகவே ஆர்வம் இருந்ததால், நிலையத்தின் இயந்திரத் தொழிற்கூடத்தில் பொறியியல் வரைபடங்கள் தீட்டப் பயிற்சி பெற்றார். பகலில் வேலை, மாலையில் படிப்பு என அவருடைய இளமை கழிந்தது.

அத்தொழிற்கூடத்தின் பொறுப்பாளராக 1863இல் கோட்லீப் டைம்லர் வந்து சேர்ந்தார். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான மைபாக்கின் திறமையை அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். அன்று தொடங்கிய நட்பு டைம்லரின் இறுதிக்காலம்வரை நீடித்தது. இருவரும் 1882இல் கான்ஸ்டாட் நகருக்குக் குடிபெயர்ந்தனர். டைம்லரின் வீட்டுத் தோட்டத்திலிருந்த கண்ணாடிக் குடிலைப் பட்டறையாக மாற்றிக்கொண்டு, வேகமாக இயங்கும் சிறிய பெட்ரோல் இயந்திரத்தை உருவாக்கினர். அந்த இயந்திரம் 1885இல் இரு சக்கர வண்டியிலும் 1886இல் நான்கு சக்கர வண்டியிலும் பொருத்தப்பட்டது.

ஆனால், இயந்திரத்தின் ஆற்றல் கூடக்கூட வெப்பமும் கூடியது. அக்கால வண்டிகளில் இயந்திரத்தைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிவிடும். கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா, 1888இல் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை மகிழுந்தில் சென்றபோது, வழிநெடுக நீரை நிரப்பிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. நெடுந்தொலைவு செல்ல விரும்புபவர் நீரைத் தேடி அலைய வேண்டுமென்றால் அந்த வண்டியால் என்ன பயன்?

மைபாக் இந்தச் சிக்கலைப் படிப்படியாக அணுகினார். 1889இல் அவர் வடிவமைத்த வண்டியின் சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது. இயந்திரத்தில் சூடான நீரை அந்தக் குழாய்களின் வழியே ஓடச்செய்து குளிர்வித்தார். நீரை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் சுழலச்செய்யும் முயற்சி அது. எனினும், ஆற்றல்மிக்க இயந்திரங்களுக்கு அது போதவில்லை. வெப்பம் காற்றில் கலக்க வேண்டுமானால், காற்று தொடும் உலோகப் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஒரு நீர்த்தொட்டிக்குள் பல சிறிய குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியே காற்றைச் செலுத்தினால் அப்பரப்பு பன்மடங்கு பெருகும். இந்த அடிப்படையில் 1897இல் அவர் ஒரு ரேடியேட்டரை உருவாக்கினார்.

டைம்லர் 1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடன் உழைத்த நண்பரை இழந்த துயரத்திலும் மைபாக் தம் பணியை நிறுத்தவில்லை. அவ்வாண்டு, எமில் யெலினெக் என்னும் வணிகர், முன்னவற்றைவிடத் தாழ்வான, இலேசான, வேகமான புதிய மகிழுந்து வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கு 35 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் தேவைப்பட்டது. அத்தகைய இயந்திரத்தைக் குளிர்விக்க மைபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சதுரக் குழாய்கள் அதில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களின் உள்ளே காற்று புகுந்து சென்றது. அவற்றுக்கிடையே இருந்த குறுகிய இடைவெளிகளில் நீர் ஓடியது. வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்று கிடைக்கும்படி பின்னால் ஒரு விசிறியும் பொருத்தப்பட்டது. முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாயிற்று. யெலினெக்கின் மகளுடைய பெயரால் மெர்சிடிஸ் என அழைக்கப்பட்ட அந்த மகிழுந்து, 1901இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த போட்டிகளில் வெற்றிகளைக் குவித்தது.

இன்றைய மகிழுந்துகளும் அதே அடிப்படையில்தான் குளிர்விக்கப்படுகின்றன. நீரும் குளிர்விப்புத் திரவமும் சேர்ந்த கலவையைப் பம்பு ஒன்று இயந்திரத்தைச் சுற்றி ஓடச்செய்கிறது. இயந்திரம் தக்க சூட்டை அடையும்வரை தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பிதழ் மூடியிருக்கும். பிறகு திறந்து, திரவத்தை ரேடியேட்டருக்கு அனுப்பும். மூடி அழுத்தத்தைத் தாங்குவதால், திரவம் 100 டிகிரி செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். இதனால்தான் சூடான இயந்திரத்தின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிக்கும் திரவம் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

குறுகிய வழிகளே ரேடியேட்டரின் வலிமை. அவையே அதன் பலவீனமும்கூட. துருவும் உப்புப்படிவும் சேர்ந்தால் நீரோட்டம் தடைப்படும். எனவே, துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவத்தை ஊற்றி, உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது திரவத்தின் அளவைப் பார்ப்பதும், குழாய்களில் வெடிப்போ கசிவோ உள்ளதா எனக் கவனிப்பதும், ரேடியேட்டரின் முன்புறம் படியும் இலைகளையும் பூச்சிகளையும் அகற்றுவதும் நல்ல பழக்கங்கள். ஓட்டும்போது வெப்பமானி அளவு மீறினால், வண்டியை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும்.

மைபாக் 1907இல் டைம்லர் நிறுவனத்தைவிட்டு விலகினார். 1909இல் வான்கப்பல்களுக்கான இயந்திரங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதை அவருடைய மகன் கார்ல் வழிநடத்தினார். 1929ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் மைபாக் இயற்கை எய்தினார். கான்ஸ்டாட்டில் டைம்லர் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோரை இழந்த சிறுவனுக்கு ஓர் அறநிலையம் கைகொடுத்தது. கற்ற தொழிலை அவர் விடாமுயற்சியால் மெருகேற்றினார். முதல் முயற்சி போதாதபோது அதன் குறையை ஆராய்ந்தார். அடுத்த முயற்சியில் அதைக் களைந்தார். இன்று சாலைகளில் வெப்பத்தைத் தாங்கி ஓடும் மகிழுந்துகளில் அவருடைய பொறுமையான உழைப்பின் பயன் தொடர்கிறது.