கம்ப்யூட்டருக்கு மதகு வைத்தவர்

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை ஒன்றுதான். ஆனால் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்களில் மதகுகள் பல. ஒரு மதகு கெட்டால் அந்த மதகைத்தான் மாற்றுவார்கள். அணையை இடித்துக் கட்டுவது இல்லை!

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு மதகு வைத்தார், ஓர் அமெரிக்கர். அவர் பெயர் கேரி கில்டால்.

1942-ம் ஆண்டு மே 19-ந் தேதி சியாட்டில் நகரில் பிறந்தார். மாலுமிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய குடும்பம். ஆனால் கேரியின் மனம் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று. கலிபோர்னியாவில் கடற்படைக் கல்லூரி ஆசிரியர் ஆனார்.

கம்ப்யூட்டரை நடத்திச் செல்லும் மூல புரோகிராமுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் அப்படிப்பட்டது. கில்டால் 1974-ல் எழுதிய இயங்குதளம் சி.பி.எம். (அரசியல் கட்சி அல்ல!)

வந்தது யோசனை

அப்போது கம்பெனிக்குக் கம்பெனி இயந்திரம் வேறு. ஒவ்வொன்றுக்கும் புரோகிராமைத் திருத்தி மாளவில்லை. இம்சாய் என்ற கம்பெனியும் வந்து கேட்டது. கில்டால் யோசித்தார். இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். 'பயாஸ்' என்று பெயர் வைத்தார். புது இயந்திரம் வந்தால் அந்தச் சிறு பகுதியை எழுதினால் போதும். நூற்றுக்கணக்கான மாடல்களில் சி.பி.எம். ஓடியது. மனைவி டாரத்தியுடன் தொடங்கிய கம்பெனியில் பணம் கொட்டியது.

இன்று பிரிண்டருக்குப் போடும் 'டிரைவர்' என்ற புரோகிராமும் இதே போன்ற மதகுதான். அதன் ஒரு முகம் பிரிண்டரைப் பார்க்கிறது. மறு முகம் இயங்குதளத்தைப் பார்க்கிறது. இயங்குதளம் மாறினால் மறு முகம் பொருந்தாமல் போகலாம். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது பலர் இந்தக் கஷ்டத்தை அனுபவித்தார்கள். புது டிரைவரைக் கம்பெனி எழுதித் தராவிட்டால், பழுதே இல்லாத பிரிண்டர் மூலையில் கிடக்க வேண்டியதுதான். மையும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது. என்ன பயன்?

கை நழுவியது

1980-ல் ஐ.பி.எம். கம்பெனி ஆட்கள் கில்டாலைத் தேடி வந்தார்கள். அவர் வியாபார விஷயமாக விமானத்தில் வெளியூர் போயிருந்தார். (உல்லாசமாகப் பறக்கப் போனார் என்பது வெறும் வதந்தி.) அவர்கள் நீட்டிய ரகசியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட டாரத்தி தயங்கினார். பேரம் படியவில்லை. அந்த வியாபாரம் பில் கேட்சின் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் போயிற்று. சி.பி.எம். சாயலில் வேறொருவர் எழுதியிருந்த இயங்குதளத்தை வாங்கி, மைக்ரோசாப்ட் கொடுத்தது.

1981-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. பிறகு அதற்கு ஏற்ற சி.பி.எம்.மும் வந்தது. ஆனால் விலை 240 டாலர். மைக்ரோசாப்ட் சரக்கோ 40 டாலர். யார் வாங்குவார்கள்? வேடிக்கை என்னவென்றால், அந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்குள் இருந்த மதகுக்கும் பெயர் பயாஸ்தான்!

1994 ஜூலையில் மான்டெரே நகரில் கில்டாலின் தலையில் அடிபட்டது. 11-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 52. 20 ஆண்டுகள் கழித்து, 2014-ல், அவர் வேலை செய்த பசிபிக் குரோவ் கட்டடத்தின் முன் பொறியாளர் சங்கத்தார் நினைவுப் பலகை பதித்தார்கள்.