போர்க்காலத்து இசைவாணர்

லுத்தரன் திருச்சபையின் இசை என்றதும் பாக்கின் பெயரே நம் நாவில் முன்வந்து நிற்கும். அவர் பிறப்பதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1585இல், யேர்மனியின் கோஸ்ட்றிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்த ஹைன்றிக் ஷூட்ஸை நான் ஈண்டு நினைவுகூர விழைகின்றேன். வளம் குன்றிய காலத்திற் கலைஞன் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்க்கையே விடை என்பது என் துணிபு.

தந்தையார் வைசன்பெல்ஸ் நகரில் விடுதி நடத்தியவர். அங்கே தங்கிய ஹெஸ்ஸ காசல் நாட்டுச் சிற்றரசர் மோரிட்ஸ், சிறுவனின் குரலில் உள்ளம் பறிகொடுத்து, 1599இல் அவனைத் தம் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர்ச் சட்டம் பயின்றுகொண்டிருந்த அவ்விளைஞரை 1609இல் வெனிஸ் நகருக்கு அனுப்பியவரும் அவரே. அங்கே ஜொவானி கப்ரியேலியிடம், பல பாடகர் குழுக்களை எதிரெதிரே நிறுத்திப் பாடுவிக்கும் முறையை ஷூட்ஸ் கற்றார். டிரெஸ்டன் அரசவையிற் பணியேற்றபின், 1619இல் அம்முறையிலே தாவீதின் சங்கீதங்களுக்கு இசையமைத்து வெளியிட்டார். அவ்வாண்டே திருமணமும் நிகழ்ந்தது.

இன்பம் நெடிது நிலைக்கவில்லை. 1625இல் மனைவி மக்தலேனா, இரு பெண்மக்களை விட்டு மறைந்தார். ஷூட்ஸ் மறுமணம் செய்தாரல்லர். செய்யுள் வடிவிற் பாடப்பெற்ற சங்கீதங்களுக்கு எளிய இசை அமைப்பதிலே ஆறுதல் தேடினார். 1618இல் மூண்ட முப்பதாண்டுப் போரோ 1631இல் சக்சனி நாட்டையும் பற்றிக்கொண்டது. அரசவைப் பாடகர்க்கு ஊதியம் தடைப்பட்டது, குழு சிறுத்தது.

பெருங்குழுவுக்கு எழுதிப் பழகியவர் காலத்தை நொந்து எழுதுகோலைக் கீழே வைத்தாரா? இல்லை. இருந்த குரல்களுக்கே எழுதினார். ஒரு குரல் முதல் ஐந்து குரல் வரைக்கும் ஓர்கன் துணையோடு பாடத்தக்க சிறிய திருமறைப் பாடல்களை 1636இலும் 1639இலும் வெளியிட்டார். அவற்றைக் கேட்குந்தோறும், குறைவு என்பது தோன்றாமல், ஒவ்வொரு சொல்லும் தன் பொருளோடு எழுந்து நிற்பதையே நான் உணர்கின்றேன்.

1648இற் போர் ஓய்ந்தது. அவ்வாண்டு வெளியிட்ட குழுப்பாடல் தொகுதியை லைப்சிக் நகரவைக்குக் காணிக்கையாக்கினார். ஊதியமின்றி வாடிய பாடகர்க்காக அரசரிடம் மன்றாடவும் அவர் தயங்கவில்லை. முதுமையிலோ, இசைக்கருவிகளை அறவே நீக்கி, மனிதக் குரலொன்றையே கொண்டு இயேசுவின் பாடுகளை இசையாக்கினார்.

1672இல், 87ஆம் அகவையில், டிரெஸ்டனில் அவர் காலமானார். உடலை அடக்கிய பழைய ஆலயம் அடுத்த நூற்றாண்டில் இடிக்கப்பட்டது, கல்லறையும் மறைந்தது. பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன. வசதி வரட்டும் எனக் காத்திருப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய வாழ்க்கை இது.