திறமையைத் தேடிப் போன திருத்தணிக்காரர்

திருத்தணி என்றதும் மலை நினைவுக்கு வரும். மலை ஏறும் 365 படிகள் நினைவுக்கு வரும். உச்சியில் கோயில் கொண்ட முருகன் நினைவுக்கு வருவான்.

அந்த மலையடிவாரத்து ஊரில், 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, வசதி இல்லாத ஒரு குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் அந்தக் குழந்தை இந்தியாவின் ஜனாதிபதி ஆயிற்று. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அவ்வளவாகத் தெரியாத கதை ஒன்றும் உண்டு. டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஐந்து வருட காலம் ஆள் சேர்க்கும் வேலை பார்த்தார்! ராணுவத்துக்கு அல்ல. தேயிலைத் தோட்டத்துக்கும் அல்ல. புதிதாக முளைத்த ஒரு சர்வகலாசாலைக்கு. கெட்டிக்கார இளைஞர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்.

அந்த வேலையின் அருமை அவருக்குத் தெரியும். ஏனென்றால், அவரே பிறரால் அப்படித் தேடிப் பிடிக்கப்பட்டவர்.

எல்லையோரத்துச் சிறுவன்

சர்வபள்ளி என்பது நெல்லூர் ஜில்லாவில் உள்ள ஒரு கிராமம். முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஆகவே, அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. தகப்பனார் வீராசாமி ஒரு ஜமீனில் வருவாய்த் துறையில் சிறிய உத்தியோகம் பார்த்தார். தாயார் சீதம்மா. தாய்மொழி தெலுங்கு. ஊரோ தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைப்புற ஊர்.

அந்தக் காலத்துத் திருத்தணியில் பள்ளிக்கூடம் இருந்தது. கல்லூரி கிடையாது. படிக்க ஆசைப்படும் பிள்ளை ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும்.

சிறுவன் ராதாகிருஷ்ணன் எட்டு வயதிலேயே போனான். 1896-ல் திருப்பதியில், ஜெர்மன் நாட்டு லூத்தரன் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். அடுத்து வேலூர் ஊரிஸ் கல்லூரி. அது அமெரிக்கப் பாதிரிமார் நடத்தியது. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அதை நடத்தியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். மூன்று தேசத்து ஆசிரியர்களிடம் படித்த சிறுவன், மதராஸ் ராஜதானியை விட்டு வெளியே போகவே இல்லை!

பணம்? அதுதான் இல்லை. பள்ளிப் படிப்பிலிருந்து கல்லூரிப் படிப்பு வரை அவரைத் தூக்கிச் சென்றது உபகாரச் சம்பளம். பரீட்சையில் நன்றாகத் தேறினால் அடுத்த வகுப்பு. இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதற்கு நடுவே, 1903-ல், சிவகாமு அம்மாளுடன் திருமணமும் நடந்துவிட்டது.

அவர் தத்துவ சாஸ்திரம் எடுத்ததும் பணமில்லாத குறையால்தான். உறவினர் ஒருவர் அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றுத் தம் புத்தகங்களை இவரிடம் கொடுத்தார். புத்தகம் இலவசம், ஆகவே பாடமும் அதுவே என்று முடிவாயிற்று. உலகம் போற்றிய தத்துவப் பேராசிரியர், பழைய புத்தகக் கட்டு ஒன்றினால் உருவானார்!

1908-ல் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்க நெறி பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்று குறை கூறியவர்களுக்கு அது பதில். கிறிஸ்தவப் பேராசிரியர்களுக்குக் கோபம் வருமோ என்று அஞ்சினார். கோபம் வரவில்லை. பேராசிரியர் ஹாக் அந்தக் கட்டுரையைப் பாராட்டினார். தம் கருத்துக்கு எதிர்க் கருத்து எழுதிய மாணவனையும் தட்டிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவரை, இருபதாவது வயதில் ராதாகிருஷ்ணன் கண்டார்.

மைசூர் அழைத்தது, கல்கத்தா பறித்தது!

1909-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அரசாங்க உத்தியோகம். மாற்றிய இடத்துக்குப் போக வேண்டும். பிறகு ராஜமுந்திரிக் கல்லூரிக்கும் போனார்.

அப்போது மைசூரில் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. மகாராஜா கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 1916-ல் ஒரு சர்வகலாசாலையைத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு நல்ல ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். 1918-ல் ராதாகிருஷ்ணன் மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் ஆனார். அவருக்கு வயது 30.

மூன்றே ஆண்டு. கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் சர் அசுதோஷ் முகர்ஜி. கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தர். திறமை எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்த ஒரு தமிழ் இளைஞரை 1917-ல் பௌதிகப் பேராசிரியர் ஆக்கியவர் அவர்தான். அந்த இளைஞர் சி.வி. ராமன்! அதே அசுதோஷ், 1921-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவியை ராதாகிருஷ்ணனுக்குக் கொடுத்தார். தேசத்திலேயே தத்துவத் துறையில் மிகப் பெரிய பதவி அது.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் பிரஜேந்திரநாத் சீல் என்ற வங்காளத்து மேதை. அவரை மைசூர் அழைத்துத் துணைவேந்தர் ஆக்கிக்கொண்டது. மைசூரின் ஆள் கல்கத்தாவுக்கு; கல்கத்தாவின் ஆள் மைசூருக்கு!

ராதாகிருஷ்ணன் மைசூரை விட்டுக் கிளம்பிய நாளில், மாணவர்கள் சாரட்டு வண்டியைப் பூவால் அலங்கரித்தார்கள். குதிரைகளை அவிழ்த்து விட்டார்கள். தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு ரயிலடி வரை போனார்கள். பிரிய மனமில்லை, ஆனால் தடுக்கவும் முடியவில்லை.

கூடைப்பந்தும் சர்வகலாசாலையும்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி என்றால் ஊரே திரண்டுவிடும். ஆகவே, கல்லூரிப் பயிற்சியாளர்கள் தங்கள் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளைச் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். நன்றாக ஆடும் பையன் கண்ணில் பட்டால், அவன் வீட்டுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசுவார்கள். உபகாரச் சம்பளம் தருவார்கள். அயல் மாநிலத்துக் கல்லூரி கொத்திக்கொண்டு போகுமுன் முந்திக்கொள்ள வேண்டும் அல்லவா? சொந்த மாநிலத்துப் பிள்ளை வெளியே போய்விட்டால், பயிற்சியாளரை ஊர் சும்மா விடாது.

பந்துக்குச் செய்வதைப் படிப்புக்குச் செய்ய முடியாதா? முடியும் என்று வால்டேரில் காட்டினார் ராதாகிருஷ்ணன்.

ஆந்திர சர்வகலாசாலை 1926-ல் ஏற்பட்டது. முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி. அரசாங்கத்தின் அடக்குமுறையைக் கண்டித்து 1930-ல் அவர் பதவியை விட்டார். 1931-ல் ராதாகிருஷ்ணன் அந்த இடத்துக்கு வந்தார். தெலுங்கு பேசும் ஜில்லாக்களுக்கு என்று ஏற்பட்ட சர்வகலாசாலை. தலைமைக்கு வந்தவரோ எல்லைப்புறத் திருத்தணியில் பிறந்த தெலுங்கர். பொருத்தம்தான்!

கடற்கரையில் குன்று இருந்தது. காற்று இருந்தது. ஆனால் கட்டடம் போதாது, ஆசிரியர்கள் போதாது. பணத்துக்கு ஜெயப்பூர் மகாராஜா விக்ரமதேவ வர்மா கை கொடுத்தார். இது ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் அல்ல. ஒரிசாவில் உள்ள ஜெயப்பூர். ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் தந்தார். விஞ்ஞானக் கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

இனி ஆட்கள்.

இளமைக்கு முதலிடம்

கிருஷ்ணா ஜில்லாவில் பிறந்தவர் சூரி பகவந்தம். கல்கத்தாவில் ராமனிடம் ஆராய்ச்சி செய்து பெயர் எடுத்த இளைஞர். சொந்த மண்ணின் பிள்ளை. அவர் 1932-ல் வால்டேருக்கு வந்தார். அப்போது அவர் 23 வயதைத் தாண்டவில்லை!

அடுத்த ஆண்டு ரசாயனத் துறைக்கு வந்தவர் டி.ஆர். சேஷாத்ரி. நம் குளித்தலைக்காரர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். பருத்திப் பூவின் வண்ணத்தில் என்ன ரசாயனம் இருக்கிறது என்பது போன்ற ஆராய்ச்சிகளை வால்டேரில் நடத்தினார்.

தத்துவம் கற்பிக்க ஹுமாயூன் கபீர் வந்தார். சரித்திரம் கற்பிக்க ஹிரேன் முகர்ஜி வந்தார். இருவரும் வங்காளிகள். இருவரும் ஆக்ஸ்போர்டில் படித்தவர்கள். இருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. கபீர் முஸ்லிம், முகர்ஜி இடதுசாரிக் கருத்தில் ஈடுபாடு கொண்டவர். மதமோ கட்சியோ குறுக்கே நிற்கவில்லை.

தெலுங்கருக்காக ஏற்பட்ட சர்வகலாசாலையில் தமிழரும் வங்காளியும் எதற்கு? கேட்கக் கூடிய கேள்விதான். பதிலும் எளியது. வீட்டுப் பிள்ளை வெளியூர் போகாமல் இருக்க வேண்டுமானால், வெளியூரில் கிடைக்கும் படிப்பு வீட்டு வாசலில் கிடைக்க வேண்டும். உள்ளூர் என்பதற்காக மட்டமான ஆசிரியரைக் கொடுத்தால், கெட்டிக்கார மாணவன் அடுத்த ரயிலில் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போய்விடுவான். எட்டு வயதில் ஊரை விட்டுப் போன ஒருவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லோரும் டெல்லியில்!

சேர்த்த ஆட்கள் எல்லோரும் நின்றார்களா? இல்லை. கபீரும் முகர்ஜியும் விரைவிலேயே வங்காளத்துக்குத் திரும்பினார்கள். ராதாகிருஷ்ணனே நிற்கவில்லை. 1936-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை கீழ்நாட்டுச் சமயங்கள், ஒழுக்கவியல் பேராசிரியராக அவரை அழைத்துக்கொண்டது. சி.ஆர். ரெட்டி மீண்டும் துணைவேந்தர் ஆனார்.

பகவந்தமும் சேஷாத்ரியும் நின்றார்கள். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் நின்றார்கள். அவர்களுக்கு ஆராய்ச்சிசாலை இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். கணித நிபுணர் வேங்கடராயுடுவுடன் சேர்ந்து பகவந்தம் எழுதிய புத்தகம் ஒன்றை ஆந்திர சர்வகலாசாலையே 1948-ல் வெளியிட்டது. பிற நாட்டு விஞ்ஞானிகளும் அதைப் படித்தார்கள்.

1962-ல் ராதாகிருஷ்ணன் ஜனாதிபதி ஆனார். அப்போது டெல்லியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கபீர் மத்திய மந்திரி. முகர்ஜி லோக்சபாவில் கம்யூனிஸ்டு எதிர்க்கட்சி பெஞ்சில். பகவந்தம் ராணுவ மந்திரிக்கு விஞ்ஞான ஆலோசகர். சேஷாத்ரி டெல்லி சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியர். வால்டேரில் திரட்டிய குழுவை டெல்லி அப்படியே எடுத்துக்கொண்டது!

வால்டேருக்கு நஷ்டமா? நஷ்டம்தான். ஆனால் முழு நஷ்டம் அல்ல. ஆசிரியர்கள் போனாலும் அவர்கள் நிறுவிய துறைகள் போகவில்லை. பந்தாட்டக்காரன் நாலு வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவான். நல்ல ஆசிரியன் போகும்போது, தன் இடத்தில் நிற்கத் தன் மாணவனை விட்டுப் போவான்.

கிராமத்துப் பிள்ளைக்காக

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், உயர் கல்வியைச் சீர்திருத்த அரசாங்கம் ஒரு கமிஷன் நியமித்தது. தலைவர் ராதாகிருஷ்ணன். 1949-ல் அறிக்கை வந்தது. ஆசிரியர் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்றது. சர்வகலாசாலைகளுக்குப் பணம் வழங்க மானியக் குழு வேண்டும் என்றது. கிராமப்புறத்துக்கென்றே சர்வகலாசாலைகள் வேண்டும் என்றும் யோசனை கூறியது. மானியக் குழு 1953-ல் ஏற்பட்டு, 1956-ல் சட்டப்படியான அமைப்பு ஆயிற்று. கிராம சர்வகலாசாலை யோசனை அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

அவர் ஜனாதிபதியான ஆண்டு முதல், செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 1975-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி அவர் சென்னையில் காலமானார். மயிலாப்பூரில் அவர் வாழ்ந்த வீதி இன்று அவர் பெயரால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்குகிறது.

பிறந்த ஊரின் கதையும் விசித்திரமானது. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யத்துக்குப் போயிற்று. தமிழர்கள் போராடினார்கள். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த நாளில் ராதாகிருஷ்ணன் இந்தியாவின் துணை ஜனாதிபதி. ஊர் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும், ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். அவர்களைத் தேடி வந்த கல்லூரிதான் நெடுங்காலம் இல்லை.

இன்று இருக்கிறது. முருகன் பெயரால் ஓர் அரசு கலைக் கல்லூரி திருத்தணியிலேயே நடக்கிறது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளை, எட்டு வயதில் பெட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதில்லை. அந்தக் கல்லூரிக்கு வேண்டியது நல்ல ஆசிரியர்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு ராதாகிருஷ்ணன்.