அரசர்களின் பணமும் ஸ்விங்லி நடத்திய சட்டப் போரும்

அயல்நாட்டு மன்னரிடம் ஆண்டுதோறும் பணம் பெறும் ஆட்சிமன்ற உறுப்பினர் ஒருவரை, இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டம் ஊழல்வாதி என்றே கருதும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தில் அது மதிப்புக்குரிய வருமானமாக இருந்தது.

அந்த வருமானம் குற்றமாக மாறியதில் பெரும்பங்கு வகித்தவர், மதச் சீர்திருத்தவாதியாக உலகம் அறிந்த உல்ரிச் ஸ்விங்லி. அவரும் ஒரு காலத்தில் அத்தகைய பணத்தைப் பெற்றவரே.

1484 ஜனவரி 1ஆம் தேதி, டோகன்பர்க் பள்ளத்தாக்கின் வில்ட்ஹவுஸ் கிராமத்தில் பிறந்த ஸ்விங்லி, வியன்னாவிலும் பாசலிலும் கற்று, 1506இல் கிளாரஸ் நகரின் பங்குக் குருவானார்.

அக்காலச் சுவிட்சர்லாந்து, கன்டோன் எனப்படும் தன்னாட்சிப் பகுதிகளின் தளர்வான கூட்டமைப்பு. விளைநிலம் குறைந்த அந்த மலைநாட்டின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று, அதன் இளைஞர்களே. சுவிஸ் ஈட்டிப்படைக்காகப் பிரெஞ்சு மன்னரும், போப்பாண்டவரும், பேரரசரும் போட்டியிட்டனர்.

ஆள்சேர்க்கும் அனுமதிக்கு அவர்கள் கொடுத்த ஆண்டு மானியம் பென்சன் எனப்பட்டது. ஒரு பகுதி கன்டோனின் கருவூலத்துக்கு வெளிப்படையாகச் சென்றது. மறு பகுதி செல்வாக்குள்ள தலைவர்களின் கைக்குத் தனியாக, பல நேரங்களில் இரகசியமாகச் சென்றது. தனிநபர் மானியங்களைக் கூட்டமைப்பின் பேரவை 1503இல் தடை செய்தும் பலனில்லை. தடையைச் செயற்படுத்த வேண்டியவர்களே பணம் பெறுபவர்களாகவும் இருந்தனர்.

இளம் குருவான ஸ்விங்லி போப்பாண்டவரின் பக்கம் நின்றார். அதற்காக ஆண்டுக்கு 50 கில்டர் மானியமும் பெற்றார். கிளாரஸ் படையினருடன் ஆன்மீகப் பணிக்காக இத்தாலி சென்ற அவர், 1515 செப்டம்பரில் மரின்யானோ போரில் ஆயிரக்கணக்கான சுவிஸ் வீரர்கள் மடிந்ததை அறிந்தவர். பின்னர் கிளாரஸ் பிரெஞ்சுச் சார்பாகத் திரும்பவே, 1516இல் அவர் ஐன்சீடல்ன் சென்றார்.

1519இல் சூரிச் பெரிய தேவாலயத்தில் போதிக்கத் தொடங்கிய ஸ்விங்லி, கூலிப்படைச் சேவையையும் மன்னர்களின் பணத்தையும் கடுமையாகச் சாடினார். போப்பாண்டவரின் மானியத்தை 1520 வாக்கில் கைவிட்டார். 1521இல் ஏனைய கன்டோன்கள் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுடன் உடன்படிக்கை செய்தபோது, சூரிச் மட்டும் விலகி நின்றது. 1522 ஜனவரியில் சூரிச் மன்றம் அயல்நாட்டுப் படைச் சேவையையும் மானியங்களையும் தடை செய்தது. மூன்று மாதங்களில் பிக்கோக்கா போரில் மீண்டும் பெருந்தொகையான சுவிஸ் வீரர்கள் மாண்டது, ஸ்விங்லியின் வாதத்துக்கு வலுச்சேர்த்தது.

ஆயினும் இச்சட்டத்தின் கதையில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1526இல், மானியம் பெற்றோர் குறித்து சூரிச்சில் விசாரணை நடைபெற்றது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஸ்விங்லி. மன்றத்தின் மூத்த உறுப்பினரான யாக்கோப் கிரேபல் அதில் சிக்கினார். அவர் பெற்ற பணத்தில் ஒரு பகுதி, வியன்னாவிலும் பாரிஸிலும் பயின்ற தம் மகன் கான்ராடுக்காக மன்னர்கள் அளித்த கல்வி உதவி. அக்டோபர் 30ஆம் தேதி கிரேபலின் தலை துண்டிக்கப்பட்டது.

மகன் கான்ராட், ஸ்விங்லியிடமிருந்து பிரிந்து மறுஞானஸ்நான இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். தந்தையும் ஸ்விங்லியின் போக்கோடு முழுமையாக உடன்படாதவர். எனவே தண்டிக்கப்பட்டது ஊழலா, எதிர்ப்பா என்ற சர்ச்சை வரலாற்றாய்வாளர்களிடையே நீடிக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் அரசியல் எதிரியின்மீது பாய்ந்ததாகக் கூறப்படும் வழக்குகளை அறிந்த தெற்காசிய வாசகர்களுக்கு, இச்சர்ச்சை அந்நியமாகத் தோன்றாது.

1531 அக்டோபர் 11ஆம் தேதி, கத்தோலிக்கக் கன்டோன்களுடன் நடந்த கப்பெல் போரில் ஸ்விங்லி கொல்லப்பட்டார். அவருக்குப் பின்னரும் கூலிப்படை வணிகம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1848ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியலமைப்பே, அயல்நாடுகளுக்குப் படை வழங்கும் புதிய ஒப்பந்தங்களைத் தடை செய்தது. கூட்டாட்சி அதிகாரிகள் அயல் அரசுகளிடம் மானியமோ, பட்டமோ, பரிசோ பெறலாகாது என்றும் அது விதித்தது. அரசுப் பதவியில் இருப்போர் குடியரசுத் தலைவரின் இசைவின்றி அயல்நாட்டிடம் பரிசோ ஊதியமோ பெறக்கூடாது எனும் இந்திய அரசியலமைப்பின் 18ஆவது பிரிவும் இதே அச்சத்திலிருந்து எழுந்ததே.

பணம் பெறுவதைப் பற்றியே சட்டம் இவ்வளவு காலம் கவலைப்பட்டது. சுவிஸ் நிறுவனங்கள் அயல்நாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த இலஞ்சமோ, வரிக்கணக்கில் வணிகச் செலவாகக் கழிக்கக்கூடியதாகவே நெடுங்காலம் இருந்தது. அவ்வாறு கொடுப்பது சுவிஸ் குற்றவியல் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமானது 2000ஆம் ஆண்டில்தான்.