காற்றை மருந்தாக்கிய சௌரி முத்து

சென்னைக்குச் சென்று மீண்டோர், தாம்பரத்தை அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் பெயருடைய புகையிரத நிலையம் ஒன்று இருத்தலைக் கண்டிருப்பர். அப்பெயர்க்குக் காரணராய் விளங்கிய பெருமகனாரே டாக்டர் டேவிட் சௌரி முத்து ஆவார்.

சயரோகம் என்ற அளவிலே உற்றாரும் அஞ்சி ஒதுங்கிய காலம் அது. 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கோக் என்பார் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தாராயினும், அதனைக் கொல்லும் மருந்து யாண்டும் இல்லை. தூய காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே அந்நாளைய சிகிச்சை. தமிழரான சௌரி முத்து, இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே அத்தகைய திறந்தவெளிச் சானடோரியம் ஒன்றனை நடாத்தினார். நம்மவர் ஆங்கிலேயரிடம் மருத்துவம் பயிலச் சென்ற காலத்தில், ஆங்கிலேயர் நம்மவர் ஒருவரை நாடி மருத்துவம் பெற்றனர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

கணித மேதை இராமாநுசனும் 1917ஆம் ஆண்டில் அங்கே சில காலம் தங்கினார். இருவரும் 1914இல் ஒரே கப்பலில் இங்கிலாந்து சென்றவர்கள். இராமாநுசனைப் பற்றியது சயரோகமன்று, ஈரல் நோயே என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்காலத்து மருத்துவத்தின் எல்லை அத்துணையே.

இருபத்திரண்டு ஆண்டுகள் தாம் கண்டவற்றைத் தொகுத்து 1922இல் சௌரி முத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். சயரோகம் கிருமியினால் மட்டும் வருவதன்று. வறுமையும், காற்றோட்டமற்ற நெருக்கமான குடியிருப்பும், குறையுணவும் அதற்கு நிலம் பண்படுத்துகின்றன என்பது அவர்தம் கொள்கை. ஆகவே பரிகாரமும் வைத்தியசாலையோடு அமைவதன்று. நகரமும், வீடும், மக்கள் வாழ்க்கையும் திருந்துதல் வேண்டும் என வாதித்தார். கிருமியின் வலிமையை அவர் குறைத்து மதித்தார் என்னும் குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், நோயாளியின் மார்பை மட்டும் சோதியாது அவன் வாழும் மனையையும் நோக்கிய கண் அவருடையது.

அக்கொள்கையைத் தாய்நாட்டில் செயற்படுத்த விழைந்து, 1928இல் தாம்பரத்திலே விரிந்த நிலப்பரப்பில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். தனியொருவர் பொறுத்தற்கு அரிய அப்பணி 1937இல் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 1940இல் அவர் மறைந்தார்.

பின்னர் நிகழ்ந்தது விந்தை. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் தோன்றின. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் ஆய்வு நிலையம், ஏழைகள் தம் குடிசையிலிருந்தே மருந்துண்டாலும் சானடோரியத்தில் இருப்பாரைப் போலவே குணமடைவர் என்று 1959இல் நிறுவியது. அவ்வாறாயின் சௌரி முத்துவின் உழைப்பு வீணாயிற்றோ எனின், அன்று.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையிலே டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. அக்கிருமி உடலின் காவலைச் சிதைக்க, அவ்வழியே காசநோய் நுழைகின்றது. பலரும் கதவடைத்த அந்நோயாளரை 1993 முதல் தாம்பரம் வைத்தியசாலை ஏற்றது. 2004இல் இந்திய அரசு எச்.ஐ.வி. மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதற்கண் தெரிந்தெடுக்கப்பட்ட எட்டு நிலையங்களுள் இதுவும் ஒன்று. ஒதுக்கப்பட்டோர்க்கென ஒருவர் எழுப்பிய மனை, பின்வந்த ஒதுக்கப்பட்டோர்க்கும் புகலாயிற்று.

வயற்காற்று உலவும் தம்பலகாமத்திலிருந்து இதனை எழுதுகின்றேன். போர்க்காலத்து முகாம்களின் நெருக்கத்தை அறிந்த திருகோணமலை மாவட்டத்தார்க்கு, சௌரி முத்து கூறியதன் உண்மையை விளக்கவேண்டுவதில்லை. மருந்து நோயைத் தீர்க்கும். நோய் பிறக்கும் இடத்தைத் திருத்துதல் ஆட்சியாளர்க்கும் நமக்கும் உரிய கடன். அக்கடனை நினைவூட்டும் மருத்துவரே நாட்டுக்கு உற்ற நண்பராவார்.