பூமியை அளந்த பொறுமைசாலி வில்லியம் லாம்ப்டன்

அச்சுவேலியில் ஒருவருடைய வீடு எங்கே என்று கேட்டால், சந்தியால் திரும்பி, கோவிலைத் தாண்டி, பனங்கூடலுக்கு அருகேயுள்ள ஒழுங்கையில் மூன்றாவது படலை என்பார்கள். ஊரவருக்கு இது போதும். ஆனால் பனை விழுந்து, படலை போய், ஒழுங்கையும் பற்றைக்காடாகிவிட்டால் என்ன செய்வது? 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலத்தின் பின் காணி பார்க்க வந்த குடும்பங்கள் பல இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு எதிர்கொண்டன. வேலியும் இல்லை, அடையாளமும் இல்லை என்ற நிலையில் எல்லையைக் காட்டவல்லது நில அளவைப் படமும் அதிலுள்ள எண்களுமே.

அத்தகைய நம்பத்தகுந்த படங்களுக்குத் தென்னாட்டில் அடித்தளமிட்டவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மாவட்டத்தில், 1750களில், எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கணிதத்தில் தேர்ச்சி பெற்று 1781இல் இராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கப் போரில் சிறைப்பட்டார். பின்னர் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் பல ஆண்டுகள் ஓசையின்றி வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் வானநூலையும் பூமியின் வடிவம் பற்றிய நூல்களையும் தாமாகவே கற்றார். இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது, ஓர் இரவு அவருடைய படைப்பிரிவு இருளில் நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்து விண்மீன்களைப் பார்த்தார். வடக்கே போகவேண்டிய படை தெற்கே, எதிரியின் பாசறையை நோக்கிப் போவதைக் கண்டுகொண்டார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்ப்டன் சொன்னதே சரியென்று தெரிந்தது. தான் நிற்கும் இடத்தை அறியாதவன் எவ்வளவு விரைந்து நடந்தாலும் ஆபத்தையே நெருங்குகின்றான்!

போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் கரையிலிருந்து கரைவரை கணித முறைப்படி அளக்கும் திட்டமொன்றை அவர் அரசுக்குச் சமர்ப்பித்தார். எல்லாரும் அதை வரவேற்கவில்லை. சீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவன் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதாதா, இதற்கு இத்தனை செலவு எதற்கு என்று சென்னை அரசின் நிதி அதிகாரி ஒருவர் கேட்டாராம். ஆயினும் அனுமதி கிடைத்தது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் சென்னைப் பறங்கிமலையின் அருகே வேலை தொடங்கியது. ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்ற அப்போஸ்தலரின் மலையடியில், அளந்து பார்த்தே ஏற்பேன் என்ற மனிதர் சங்கிலியை விரித்தது பொருத்தமானதே. ஏறக்குறைய 7½ மைல் நீளமான ஒரு நேர்கோட்டை 100 அடி உருக்குச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் உருக்கு நீளுமாதலால், அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, வெப்பநிலையைக் குறித்து, கணக்கில் திருத்தம் செய்தார்கள். இந்த ஒரு கோட்டை அளப்பதற்கே ஆறு வாரம் சென்றது.

அதன்பின் சங்கிலிக்கு அதிக வேலையில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், அந்த முக்கோணத்தின் மற்றைய பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடியாகும். இப்படி முக்கோணம் முக்கோணமாக அவர் மேற்குக் கரைவரை சென்றார். 400 மைல் என எண்ணப்பட்ட தீபகற்பத்தின் அகலம் அந்தப் பகுதியில் 360 மைல்தான் என்று தெரியவந்தது. பழைய படங்களில் 40 மைல் வெறும் கற்பனையாக இருந்தது!

கோணம் அளக்கும் அவருடைய தியோடொலைற்றுக் கருவி அரைத் தொன் நிறையுள்ளது. தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை. மரங்களோ பார்வையை மறைத்தன. ஆகவே 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்றினார்கள். கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நெளிந்தது. வேறொருவராயின் வேலையைக் கைவிட்டிருப்பார். லாம்ப்டன் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கூடாரத்துள் இருந்து ஆறு வாரம் அந்தக் கருவியைச் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அவருடைய அளவை கன்னியாகுமரியைத் தொட்டது.

1818இல் இப்பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது. 1823 ஜனவரி 20ஆம் நாள், எழுபது வயதளவில், இன்றைய மகாராட்டிரத்தின் ஹிங்கன்காட் என்னுமிடத்தில், நாகபுரிக்குப் போகும் வழியில் லாம்ப்டன் இறந்தார். அவருடைய உதவியாளரான எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். உலகின் மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்ட்டின் பெயரைத் தாங்குகின்றது. தொடக்கி வைத்தவரையோ பலர் மறந்தனர். வெயிலில் சங்கிலி இழுத்து, காட்டுக் காய்ச்சலில் மடிந்த நம்மவர் பலரின் பெயர்களும் எங்கும் எழுதப்படவில்லை. அந்நிய ஆட்சி வரிக்கும் படைக்குமே இப்படங்களைப் பெரிதும் விரும்பியது என்பதும் உண்மை. ஆயினும் சரியான அளவு ஆள்பவனுக்கு மட்டும் சொந்தமானதன்று. ஏழையின் உரிமைக்கும் அதுவே சாட்சி.

நமது நாட்டுப் படங்களும் முக்கோண அளவையின் மேலேயே எழுந்தவை. அவற்றில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஓடும் கோடுகள் சதுரங்களை அமைக்கின்றன. இலங்கையின் பழைய கட்டவலை பிதுருதலாகலை மலையை அடிப்படையாகக் கொண்டது. அம்மலைக்குக் கிழக்கெண் 200, வடக்கெண் 200 கிலோமீற்றர் எனக் கொடுத்தார்கள். அதனால் நாட்டின் எந்த மூலைக்கும் கழித்தல் எண் வராது. அச்சுவேலி அம்மலைக்கு வடக்கே 300 கிலோமீற்றருக்குச் சற்று மேலும், மேற்கே 70 கிலோமீற்றருக்குச் சற்று மேலும் இருப்பதால், அதன் கிழக்கெண் 130க்குச் சற்றுக் குறைவு. வடக்கெண் 500க்குச் சற்று மேல். எப்போதும் கிழக்கெண்ணை முதலிலும் வடக்கெண்ணை அடுத்தும் வாசிக்கவேண்டும். ஒரு கிலோமீற்றர்ச் சதுரத்தை மேலும் பத்தாகப் பிரித்து ஆறு இலக்கங்களில் சொன்னால், நூறு மீற்றருக்குள் இடத்தைக் காட்டிவிடலாம். கண்ணிவெடி அகற்றுவோரும் இத்தகைய எண்களாலேயே ஆபத்தான நிலத்தைக் குறித்து வைக்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளைகளுக்குப் படம் வாசிக்கப் பழக்குங்கள். காணி உறுதியையும் அதனோடுள்ள நில அளவைப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். மற்றொன்றையும் மறவாதிருப்போம். அயலவனின் எல்லைக் குறியை நகர்த்துவதை மோசே வழியாக வந்த திருச்சட்டம் கண்டிக்கின்றது. இரவோடு இரவாகக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டு, ஞாயிறு காலை பூசைக்கு வருவதால் அந்த ஒரு முழம் நமதாகிவிடாது. பல மைல்களில் ஓர் அங்குலப் பிழையையும் தேடித் திருத்திய லாம்ப்டனின் நேர்மை, நமது வேலியோரத்திலும் இருக்கட்டும்.