பத்துப் பேருக்கு ஒருவர்: ஹள்ரத் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வாழ்வும் ஓதிக்கொடுத்த முறையும்



அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் மதரஸாக்களில் காணும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். அலிஃப், பே ஓதத் தொடங்கிய ஐந்து வயதுப் பிள்ளையும், குர்ஆன் ஷரீஃபில் பாதியைக் கடந்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே கூடத்தில், ஒரே உஸ்தாதின் முன் அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகள் ஐம்பது பேர், வகுப்பு ஒரு மணி நேரம் எனில், ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்திற்குச் சற்றே அதிகம். அதற்குள் பாடம் கேட்பதும், உச்சரிப்பைத் திருத்துவதும், புதுப் பாடம் கொடுப்பதும் எங்ஙனம் இயலும்? இக்கேள்விக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னரே செயலால் விடை தந்த ஒரு நபித்தோழரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

அபுத்தர்தா (ரலி) அவர்களின் இயற்பெயர் உவைமிர். மதீனாவின் கஸ்ரஜ் குலத்தைச் சேர்ந்தவர்கள். வணிகமே அவர்களின் தொழில். அன்ஸாரிகளுள் பலர் முந்திக்கொண்டபோது, இவர்கள் பத்ருப் போருக்குப் பின்னரே இஸ்லாத்தைத் தழுவினார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். எனினும் பிந்தி வந்தவர் பின்தங்கிவிடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த சிலருள் ஒருவராகத் திகழ்ந்தார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்களுக்கும் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களுக்கும் இடையே சகோதர உறவை ஏற்படுத்தினார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை, ஒருநாள் விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் நோன்பை விட்டு உண்ணவும், இரவில் சிறிது உறங்கவும் செய்து, உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிய கடமைகளை நினைவூட்டினார்கள். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மான் கூறியது உண்மையே என உறுதிப்படுத்தினார்கள். தோழரின் திருத்தத்தை ஏற்பது இழிவன்று என்பதையும், அத்திருத்தம் சரியா என்பதை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அபுத்தர்தா (ரலி) அவர்கள் தம் வாழ்விலேயே கண்டார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஷாம் நாட்டில் முஸ்லிம்கள் பெருகினர். ஸுர்யானியும் கிரேக்கமும் வழங்கிய நாடு அது. அங்கே குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்பிக்க ஆட்கள் தேவை என, அந்நாட்டின் ஆளுநர் யஸீத் இப்னு அபீ ஸுஃப்யான் (ரலி) அவர்கள் கலீஃபாவுக்கு எழுதினார்கள். (இவர்கள் முஆவியா (ரலி) அவர்களின் சகோதரர்; பிற்காலத்து யஸீத் அல்லர்.) குர்ஆனில் தேர்ந்த அன்ஸாரிகள் ஐவரை உமர் (ரலி) அவர்கள் அழைத்தார்கள். அபூ அய்யூப் (ரலி) அவர்கள் முதுமையாலும், உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் நோயாலும் பயணம் செய்ய இயலவில்லை. முஆத் இப்னு ஜபல், உபாதா இப்னு ஸாமித், அபுத்தர்தா (ரலி-அன்ஹும்) ஆகிய மூவரும் புறப்பட்டனர். முதலில் ஹிம்ஸ் நகரில் கற்பித்தபின், உபாதா (ரலி) அவர்கள் அங்கேயே தங்க, முஆத் (ரலி) அவர்கள் ஃபலஸ்தீனுக்கும், அபுத்தர்தா (ரலி) அவர்கள் திமிஷ்க் எனும் டமாஸ்கஸுக்கும் சென்றனர்.

இன்று உமய்யா பள்ளிவாசல் எனப் புகழ்பெற்று விளங்கும் கட்டடம் அப்போது எழும்பவில்லை, அது கலீஃபா வலீதின் காலத்தது (ஆட்சி கி.பி. 705-715). அதற்கு முன்பிருந்த திமிஷ்க் பள்ளிவாசலில்தான், அதிகாலைத் தொழுகை முடிந்ததும் மக்கள் ஓதுவதற்காகத் திரண்டனர். ஒருமுறை அவர்களை எண்ணிப் பார்த்தபோது 1,600-க்கும் சற்று அதிகமாக இருந்தனராம். இத்தனை பேருக்கும் ஒருவர் தனித்தனியே பாடம் கேட்பது நடவாத காரியம். எனவே பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பத்துப் பேருக்கும் முன்னரே ஓதித் தேர்ந்த ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அவருக்கு அரீஃப் என்று பெயர். அபுத்தர்தா (ரலி) அவர்கள் மிஹ்ராபில் நின்று அனைவரையும் கண்காணித்தார்கள். ஓதுபவர் தவறினால் அரீஃபிடம் கேட்பார். அரீஃப் தவறினால் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் கேட்பார். நன்கு தேர்ந்தவர் அவர்களிடமே நேரில் ஓதிக்காட்டும் தகுதி பெறுவார்.

அங்கு ஓதியோர் யாவரும் சிறுவர் அல்லர். ஆயினும் முன்னே கற்றவர் பின்னே வருபவருக்குக் கற்பிக்கும் இம்முறை எவ்வயதினருக்கும் பொருந்தும். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளைகள் இருந்ததும் இதற்கு நெருக்கமானதே. 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைக் கண்டு, அதையே எட்டு வயதளவிலான ஒரு மாணவரைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்திலும் பரவியது.

இம்முறையால் சிறியவரைவிடப் பெரியவரே அதிகம் பயனடைகிறார் என்பது நமது அனுபவம். மதரஸாவில் நாம் ஓதிய காலத்தில், இளைய மாணவர் ஒருவருக்குப் பாடம் கேட்குமாறு உஸ்தாத் நம்மைப் பணித்தார்கள். ஸீனுக்கும் ஸாதுக்கும் ஒலியில் என்ன வேறுபாடு என்று அவர் கேட்டபோதுதான், அதுவரை இரண்டையும் ஒன்றுபோலவே நாம் ஓதிவந்தது புலப்பட்டது. வெட்கத்துடன் உஸ்தாதிடம் சென்றோம். அன்று திருந்தியது இருவரின் ஓதலும்.

திமிஷ்கின் காழியாகவும் பணியாற்றிய அபுத்தர்தா (ரலி) அவர்கள், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 32-இல் (கி.பி. 652) அந்நகரிலேயே மறைந்தார்கள். அவர்கள் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அவர்களின் துணைவியார் ஹுஜைமா அம்மையார் பிற்காலத்தில் அதே நகரில் கல்வி போதித்தார்கள். கலீஃபா அப்துல் மலிக்கும் அவர்களது சபையில் அமர்ந்ததுண்டு.

ஜமாஅத்தார்களே! குர்ஆனை ஒருமுறை முடித்ததும் பிள்ளைகள் மதரஸா வருவதை நிறுத்திவிடுகின்றனர். சில ஆண்டுகளில் ஓதியதும் மறந்துபோகிறது. அவர்களை அனுப்பிவிடாமல், நான்கைந்து சிறுவர்களுக்குப் பொறுப்பாளராக அமர்த்தினால் என்ன? மூன்று நிபந்தனைகள் அவசியம். பொறுப்பேற்கும் பிள்ளையின் ஓதலை உஸ்தாத் நாள்தோறும் முதலில் கேட்க வேண்டும். அப்பிள்ளையின் கையில் பிரம்பு இருக்கலாகாது. ஐயம் எழுந்தால் ஊகிக்காமல் உஸ்தாதிடம் வர வேண்டும். இவை இல்லையெனில் ஒருவரின் பிழை ஐவரின் பிழையாகிவிடும். மிஹ்ராபில் அபுத்தர்தா (ரலி) அவர்கள் விழிப்போடு நின்றதன் காரணமும் அதுவே.

நம் பிள்ளைகளைக் கற்பவர்களாகவும் கற்பிப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.